நடுவில் ஒட்டிய படம்

1

இந்தக் கதை எனக்கு நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் முடிந்தவரை 'நான்' என்று எழுதப்போவதில்லை. மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் அந்த 'நான்' தன் பக்கத்து நியாயத்தைப் பேசத் தொடங்கிவிட்டாள். ஆகையால் ஜெயந்தினி என்று ஒருத்தியை வைத்துக்கொள்கிறேன். வயது முப்பத்தெட்டு. பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கணவன் நிரஞ்சன் ஆசிரியர், இருவரும் ஹற்றன் டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவளுடைய அம்மா நாகலெட்சுமி வட்டகொடைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், கல்யாணமாகி வந்த அதே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இன்னும் இருக்கிறார். எல்லாருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

மலையை மூடியிருந்த பனி மெல்ல விலகியபோது ஜெயந்தினி

(வேண்டாம். பனியில் தொடங்கும் மலையகக் கதைகள் போதுமான அளவு இருக்கின்றன. அன்றைக்குப் பனியும் இல்லை, நல்ல வெயில்.)

ஒவ்வொரு குடும்பத்திலும் பழைய படங்கள் போட்டு வைத்த ஒரு பெட்டி

(இதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில், அதாவது ஜெயந்தினியின் வீட்டில், அப்படி ஒரு பெட்டி இருக்கவில்லை. எல்லாம் அதனால் வந்ததுதான்.)

2

ஜெயந்தினியின் தம்பி யோகேஸ்வரன் ஹற்றன் பஜாரில் பெரிய கடை வைத்திருக்கும் சோமசுந்தரத்தின் மகள் ஷாமிலாவை விரும்பினான். அந்த வீட்டில் பெரிய எதிர்ப்பு ஒன்றும் வரவில்லை. முதல் தடவை பேசப் போன அன்று, கடைக்கு மேல்மாடியில் இருந்த வரவேற்பறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சுவர் முழுக்கப் படங்கள். சோமசுந்தரத்தின் தாத்தா கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கிறார். கடை திறந்த நாளில் எடுத்த படம், யாரோ ஒரு துரை கைகொடுக்கிற படம், காரைக்குடியில் ஒரு கல்யாணம். சோமசுந்தரம் ஒவ்வொன்றையும் காட்டி விளக்கினார். நல்ல மனிதர். பெருமை இருந்தது, கர்வம் இல்லை.

அவருடைய மனைவி அழகம்மைதான் கேட்டார். "கல்யாண மண்டபத்து வாசல்ல ரெண்டு வீட்டுப் பழைய படங்களையும் பெரிசா பிரேம் பண்ணி வைக்கலாம்னு ஷாமிலா ஆசப்படுறா. இப்ப எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க. ஒங்க வீட்டுப் படங்களையும் கொஞ்சம் தேடிக் குடுங்கம்மா."

"நெறைய இருக்குங்க," என்றாள் ஜெயந்தினி. "நானே ஆல்பமாப் பண்ணித் தாறேன்."

பக்கத்தில் இருந்த அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

இருந்தவை இவ்வளவுதான்: இறந்துபோன அப்பா பழனியாண்டியின் தொழிற்சங்க அட்டையில் இருந்த முத்திரையளவு படம். அம்மாவின் அடையாள அட்டைப் படம், அதில் காது தெரிய வேண்டும் என்று தலையை ஒருபக்கம் திருப்பிவைத்திருந்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் எடுத்த குழுப்படம் ஒன்று, அதில் ஜெயந்தினி கடைசி வரிசையில் பாதி முகம். யோகேஸ்வரன் பிறந்தபிறகு எடுத்தவை சில. 1996-க்கு முன்னால் அந்தக் குடும்பம் இருந்ததற்குப் படமே இல்லை.

3

நானுஓயாவுக்குப் போகும் வழியில் தேயிலைத் தொழிற்சாலையோடு சேர்ந்த ஒரு விற்பனைக் கூடம் இருக்கிறது. வெளிநாட்டவர்கள் வண்டியை நிறுத்தி இறங்குகிற இடம். அலுவலக வேலையாக அந்தப் பக்கம் போன ஜெயந்தினி, மழைக்கு ஒதுங்கித்தான் உள்ளே போனாள். கல்லாவுக்குப் பக்கத்துத் தட்டில் பழைய தபாலட்டைகள். அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கொழுந்துக் கூடையோடு ஒரு பெண். கூடைக் கயிறு நெற்றியில் அழுந்தியிருக்கிறது. யாரோ ஏதோ சொன்னதற்குச் சிரிக்கிறாள், முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கல். இடுப்பில் கறை பிடித்த படங்கு, கொழுந்து எடுக்கிறவர்கள் சேலைக்கு மேல் சுற்றிக்கொள்கிற சாக்கு. பின்னால் ஆமை மாதிரி ஒரு பாறை. அந்தப் பாறையை அவளுக்குத் தெரியும். அது அவர்களுடைய தோட்டத்து ஒன்பதாம் நம்பர் மலை. அம்மா இருபது வருடம் கொழுந்து எடுத்த மலை. சிவப்பு ரவிக்கை, அம்மாவிடமும் அப்படி ஒன்று இருந்தது.

விற்பனைக்கு நின்ற டிலானி என்ற பெண் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டாள். "மே ஒயாகே அம்மாத?" இது உங்கள் அம்மாவா?

"ஔ," என்றாள் ஜெயந்தினி. ஆமாம்.

(இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு தடவையும் பேனாவை வைத்துவிடுகிறேன். வாசிக்கிற நீங்கள் கேட்கலாம்: அம்மா உயிரோடு இருக்கிறார், கையில் போன் இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? ஒரு நகலில், அம்மாவுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க நினைத்தாள் என்று எழுதியிருந்தேன். அது அவள் நிரஞ்சனிடம் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. கேட்டால், "இல்ல" என்று அம்மா சொல்லக்கூடும் என்று அவளுக்கு எங்கோ ஒரு மூலையில் தோன்றியிருந்தது. படம் அவளுக்குத் தேவைப்பட்டது. அதனால் கேட்கவில்லை.)

4

ஹற்றனில் விஜேந்திரன் என்பவர் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவரிடம் தபாலட்டையைக் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னாள். கணினித் திரையில் அந்தப் பெண்ணின் முகம் ஒரு தாம்பாளம் அளவுக்கு வந்தது.

"அம்மாவா மிஸ்? நல்ல சிரிப்பு," என்றார் விஜேந்திரன்.

"இடுப்புல அந்தப் படங்கு இருக்குதானே. அத எடுத்துட்டுச் சேல மடிப்பாக் காட்ட முடியுமா?"

"முடியும். ஆனா அது இருந்தாத்தான் மிஸ் படம் உண்மையா இருக்கும்."

"எடுத்துருங்க," என்றாள்.

கறுப்புத் தாளில் ஆல்பம் ஒன்றை வாங்கி, மூன்று வாரம் ஒவ்வொரு மாலையும் அதிலேயே உட்கார்ந்தாள். அப்பாவின் சங்க அட்டை, அவளுடைய பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், அம்மாவின் பழைய சேலையில் வெட்டிய ஒரு துண்டு, எல்லாவற்றையும் ஒட்டிக் கீழே சிறு எழுத்தில் குறிப்பு எழுதினாள். நடுப்பக்கம் முழுவதும் அந்தப் படம். "அம்மா, 1994." வருடத்தை எங்கிருந்து எடுத்தாள் என்று கேட்காதீர்கள். தபாலட்டையின் பின்புறத்தில், படம் எடுத்த வெளிநாட்டுக்காரனின் பெயரோடு சிறிதாக அச்சிட்டிருந்தது.

மண்டபத்து வாசலுக்கான பெரிய படத்தொகுப்பிலும் நடுவில் அதுவே. சுற்றிவர மற்ற எல்லாரும் சின்னச் சின்ன வட்டங்களில். விஜேந்திரன் செய்து முடித்ததும் அவள் அதைப் பேஸ்புக்கில் போட்டாள். நூற்றுக்கு மேல் லைக். கீழே ஒரு பின்னூட்டம், லயத்தில் அம்மாவின் அடுத்த வீட்டில் வளர்ந்த சுலக்ஷனா எழுதியது: "பெரியம்மா எவ்ளோ அழகு அக்கா. சிரிப்பப் பாத்துக்கிட்டே இருக்கலாம்."

ஜெயந்தினி அதற்கு ஒரு இதயம் போட்டாள்.

5

ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, சோமசுந்தரத்தின் வீட்டில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றி முடிந்ததும் ஆல்பம் கைக்குக் கை போனது. அம்மா அதை அன்றுவரை பார்க்கவில்லை. அம்மாவுக்குப் பேஸ்புக் கிடையாது. ஆல்பத்தையும் ஜெயந்தினி ஒளித்துத்தான் வைத்திருந்தாள்.

நடுப்பக்கத்துக்கு வந்த அழகம்மை நிமிர்ந்தார். "சம்பந்தியம்மா, இது நீங்களா? சினிமாக்காரி மாதிரி இருந்திருக்கீங்களே."

ஆல்பம் அம்மாவின் மடிக்கு வந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பத்துப் பதினைந்து பேர் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். ஜெயந்தினி சந்தோஷத்தில் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அது நம்ம ஒம்பதாம் நம்பர் மலதான்," என்றார் அம்மா. "வெயில் நேரம். கண்ணு கூசும்."

ஆல்பத்தை மூடி அடுத்தவரிடம் கொடுத்தார்.

(அந்த இரண்டு வாக்கியங்களிலும் பொய் இல்லை. பின்னால் அதை நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.)

6

பெப்ரவரி 9. கல்யாணச் சேலை எடுப்பதைப் பற்றிப் பேச ஜெயந்தினி தோட்டத்துக்குப் போனாள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து போஞ்சிக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்துல ஒரு காப்பி எடுத்துக் குடுக்க முடியுமா ஜெயந்தி?"

"எதுக்கும்மா? பெரிசாவே வரப்போகுதே."

"எனக்கில்ல. சுலக்ஷனாவுக்குக் குடுக்கணும்."

"அவளுக்கு எதுக்கு உங்க படம்?"

அம்மா இன்னும் இரண்டு போஞ்சியை உரித்தார். "அது ராக்காயி," என்றார்.

(முதல் நகலில் அம்மாவை அழவைத்திருந்தேன். இரண்டாவதில் கோபப்பட வைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. போஞ்சிதான் நடந்தது.)

ராக்காயி யார் என்று சொல்லிவிட வேண்டும். சுலக்ஷனாவின் அம்மா. நாகலெட்சுமிக்கு லயத்தில் அடுத்த காம்பரா, மலையில் கொழுந்து எடுக்க அடுத்த நிரை. ஜெயந்தினி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா மலையிலிருந்து இறங்கியிருக்காவிட்டால், சின்னம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு ராக்காயியின் வீட்டுக்குத்தான் போவாள். ரொட்டியும் கட்டச் சம்பலும் அங்கே அவளுக்காக மூடி இருக்கும். 1998-ல் ஒருநாள் மலையில் குளவி கலைந்து கொட்டியதில் ராக்காயி இறந்துபோனார். சுலக்ஷனாவுக்கு அப்போது நான்கு வயது. ஜெயந்தினிக்குப் பதினொன்று. பிறகு சுலக்ஷனாவைக் குளிப்பாட்டியது, தலை வாரியது, பெரிய மனுஷியானபோது தண்ணீர் ஊற்றியது எல்லாம் நாகலெட்சுமிதான்.

ராக்காயிக்கு அடையாள அட்டை இருக்கவில்லை. விண்ணப்பம் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கிடந்தது. சாவு வீட்டில் படம் எடுக்க ஆள் வந்தும், முகம் வீங்கியிருந்ததால் அவருடைய புருஷன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வீட்டில் ராக்காயியின் படம் ஒன்றுகூட இல்லை. வருடத் திதிக்கு ஒரு விளக்கை மட்டும் ஏற்றி வைப்பார்கள்.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"அத்தன பேர் முன்னாலயா? நீ எவ்வளவு ஆசயா ஒட்டியிருந்த."

"எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"அப்ப நாங்க எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருந்தோம்," என்றார் அம்மா. "கூட, படங்கு, தலையில கொங்காணி. தூரத்துல பாத்தா கங்காணிக்கே தெரியாது." பிறகு, அதே குரலில் கேட்டார்: "அவ படங்கு எங்க? படத்துல காணமே."

ஜெயந்தினி சுளகிலிருந்து ஒரு போஞ்சியை எடுத்து நார் உரித்தாள். அம்மா ஆறுதலுக்குச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அது தூரத்தில் இருந்து பார்த்த படமில்லை. தாம்பாளம் அளவு முகத்தை மூன்று வாரம் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அதில் பெற்றவள் இல்லை என்பதும் தெரியவில்லை, சோறு போட்டவள் இருக்கிறாள் என்பதும் தெரியவில்லை. கூடையும் சிவப்பு ரவிக்கையும் பாறையும் தெரிந்தன. வெளிநாட்டுக்காரன் எதைப் பார்த்துப் படம் எடுத்தானோ, அதைத்தான் அவளும் பார்த்திருக்கிறாள்.

பிறகு அவள் சொன்னது இது:

"கல்யாணம் முடியட்டும்மா. இப்பச் சொன்னா அவங்க வீட்டுல என்ன நெனப்பாங்க. பெத்த அம்மாவத் தெரியாதவளா மாப்பிள்ளையோட அக்கான்னு."

"சுலக்ஷனாவும் கல்யாணத்துக்கு வருவாளே."

"முடியட்டும்."

அம்மா சுளகைத் தட்டி எழுந்தார். "சரி," என்றார்.

(அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானாக எதையாவது சேர்த்தால் அது இன்னொரு படங்கை எடுத்துவிட்ட மாதிரி.)

7

மார்ச் 9, கல்யாணம். மண்டபத்து வாசலில் இரண்டு பெரிய சட்டங்கள், ஒருபக்கம் சோமசுந்தரம் குடும்பம், மறுபக்கம் இவர்களுடையது. வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஜெயந்தினி வரவேற்பில் பன்னீர்ச் செம்போடு நின்றாள். கண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் நின்றாள்.

சுலக்ஷனா தன் ஆறு வயது மகளோடு வந்தாள். விடியுமுன் எழுந்து வீட்டு வேலையை முடித்துவிட்டு, குளித்து உடுத்திக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். சட்டத்தைப் பார்த்ததும் நேராக அதனருகே போனாள்.

"ஜெயாக்கா, இங்க வாங்க. பெரியம்மா படத்துக்குப் பக்கத்துல எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்க." போனை நீட்டினாள். "பெரியம்மாதானே என்ன வளத்தது. இவளுக்குப் பிறகு காட்டலாம்."

ஜெயந்தினி போனை வாங்கினாள். திரையில் மூன்று முகங்களும் வந்தன. நடுவில் இருந்தவருக்கு இருந்த அதே தூக்கலான முன்பல் சுலக்ஷனாவுக்கும் இருந்தது. அதே குறுகிய நெற்றி குழந்தைக்கு. இரண்டு மாதமாக வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தில் அவளுக்குத் தெரியாதது, அந்தக் கையகலத் திரையில் எந்த உதவியும் இல்லாமல் தெரிந்தது.

இப்போது சொல்லலாம் என்று நினைத்தாள். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அழகம்மை நான்கு எட்டுத் தூரத்தில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார்.

"அக்கா, எடுத்தாச்சா?"

"கை ஆடிருச்சு," என்றாள் ஜெயந்தினி. "இன்னொண்ணு எடுக்கிறேன்."

எடுத்துக் கொடுத்தாள். சுலக்ஷனா படத்தைப் பார்த்துத் திருப்தியாக, "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போனாள்.

8

மார்ச் 23. ஜெயந்தினி விஜேந்திரனிடம் சொல்லி, படங்கோடு இருந்த பழைய படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அம்மாவிடம் சொல்லவில்லை. நேரே சுலக்ஷனாவின் வீட்டுக்குப் போனாள்.

சுலக்ஷனா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். ஜெயந்தினி வழியெல்லாம் தயார்பண்ணிக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "இது எங்கம்மா இல்ல சுலக்ஷனா. இது சின்னம்மா. ஒன்னோட அம்மா," என்றாள்.

சுலக்ஷனா உடனே படத்தைத் தொடவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவினாள். விரலிடுக்கில் இருந்த மாவையெல்லாம் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கினாள்.

பிறகு மகளைக் கூப்பிட்டாள். "இங்க வா. இது ஒன் அம்மாச்சி." குழந்தை வந்து பார்த்துவிட்டு, "கல்யாணத்துல இருந்தவங்க," என்றது.

"ஆமா," என்றாள் சுலக்ஷனா. "நான் இதுக்கு லைக் போட்டேன்க்கா. அழகுன்னு வேற எழுதினேன். எனக்குத் தெரியவேயில்ல." அதைச் சொல்லும்போதுதான் அவளுடைய குரல் மாறியது. வெட்கப்பட வேண்டியவள் அவள் இல்லை. அதை அப்போதே ஜெயந்தினி சொல்லியிருக்க வேண்டும்.

"ஒங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

(இங்கே மாற்று முடிவு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஜெயந்தினி, "நாப்பத்திரண்டு நாளாத் தெரியும். கல்யாணத்துல போனைக் கையில வச்சிருந்தப்பவும் தெரியும்," என்கிறாள். சுலக்ஷனா திட்டுகிறாள், அழுகிறாள், பிறகு தேத்தண்ணி ஊற்றுகிறாள். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதை வாசித்த நிரஞ்சன், "இப்படியே விட்டுரலாமே," என்றான்.)

"நேத்துத்தான்," என்றாள் ஜெயந்தினி. "அம்மா நேத்துத்தான் சொன்னாங்க."

சுலக்ஷனா தலையாட்டினாள். ஜெயந்தினியின் கையைப் பிடித்து, "நீங்க உடனே கொண்டு வந்துட்டீங்க," என்றாள். தேத்தண்ணி ஊற்றினாள். ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். ஜெயந்தினி சாப்பிட்டாள்.

அவள் கிளம்பும்போது சுலக்ஷனா வாசலில் நின்று, தனக்குத்தானே கேட்கிற மாதிரிக் கேட்டாள். "பெரியம்மா ஆல்பத்த ஜனவரியில பாத்தாங்கதானே? நெதம் என்னப் பாக்குறாங்க. ஏன் சொல்லல?"

9

அன்றிலிருந்து சுலக்ஷனா பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பைப்படியில் கண்டால் சிரிக்கிறாள். ஆனால் காலையில் மலைக்குப் போகுமுன் பெரியம்மாவுக்குத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் போவாள், அது நின்றுவிட்டது. குழந்தையும் வருவதில்லை. அம்மா இதை ஜெயந்தினியிடம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. "இப்ப தண்ணி நானே எடுக்கிறேன்," என்று மட்டும் ஒருநாள் போனில் சொன்னார்.

மண்டபத்து வாசலில் நின்ற சட்டத்தை ஜெயந்தினி தம்பியிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டாள், கண்ணாடி வெடித்திருக்கிறது என்று சொல்லி. (அதுவும் பொய். எண்ணிக்கொள்ளுங்கள்.) நடுவில் இப்போது அம்மாவின் அடையாள அட்டைப் படம். பெரிதாக்கியதில் கலங்கிப்போய் ஒரு காதும் ஒரு கன்னமும் தெரிகின்றன. அழகம்மையிடம் மட்டும் உண்மையைச் சொல்லியாகிவிட்டது. அவர், "எங்க சொவத்துல நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் யாருன்னு எனக்கும் தெரியாதும்மா," என்றார். அந்த வீட்டுக்குப் பயந்துதான் அவள் நாற்பத்திரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

எட்டாம் பகுதிவரை எழுதியதும் போன ஞாயிறு தோட்டத்துக்குப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். (ஆமாம், நான்தான். இதற்கு மேல் ஜெயந்தினியை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் நிற்க முடியவில்லை.) அம்மா நடுவில் ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை. 'நேத்துத்தான்' வந்த இடத்தில் மட்டும் என்னைப் பார்த்தார். சுலக்ஷனா ஏன் வருவதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

முடிந்ததும், "இத எங்க போடப்போற?" என்று கேட்டார்.

"ஒரு சஞ்சிகையில கேட்டிருக்காங்க. வந்ததும் சுலக்ஷனாகிட்டக் குடுப்பேன். வாசிச்சா அவளுக்கு எல்லாம் வெளங்கும்."

"எத்தன மாசமாகும்?"

"ரெண்டு, மூணு."

"பத்தடி தூரத்துல இருக்கா," என்றார் அம்மா. "இப்ப வீட்டுலதான் இருக்கா. வெளக்கு எரியுது பாரு."

நான் போகவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

இப்படிப்பட்ட கதைகளில் கடைசியில் எழுத்தாளர் ஒதுங்கிக்கொண்டு, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று வாசகரிடம் கொடுத்துவிடுவார். நானும் கொடுத்திருப்பேன், என்னிடம் முடிவு ஒன்று இருந்திருந்தால். சுலக்ஷனா மன்னிப்பாளா, மாட்டாளா, அம்மாவுக்கு மறுபடி தண்ணீர் எடுத்து வைப்பாளா என்று நீங்கள் யோசிக்கலாம். அவளிடம் இன்னும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

ஜெயந்தினி வட்டகொடைக்குப் பஸ் ஏறினாள்.

(இந்த வாக்கியம் நேற்று எழுதியது. இன்றைக்கு ஞாயிறு, சுலக்ஷனாவுக்கு மலையில் வேலை இல்லை. பஸ் ஏழரைக்கு. நிரஞ்சன் குடையை எடுத்துக் கதவோரம் சாத்தி வைத்திருக்கிறான். நான் இன்னும் மேசையில் உட்கார்ந்து மேலே இருக்கிற வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மணி ஏழு பத்து.)